இரண்டு உதைகள் பாக்கி

என் கணவன் ஷ்பீரோவைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்தது நான்தான். காப்பிக்கடை பேப்போவுடையது என்பதால் ஊர் அவன் மேல் பழி போடுகிறது. பேப்போ பூட்டினான், அவ்வளவுதான். சாவி பூட்டிலேயே தொங்கியது, என் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் எங்கள் கடலோர ஊரான திஸ்னோவில் யாருக்கும் மூளை வேலை செய்யாது. ஓர் ஆட்டம் ஜெயித்தால் அடுத்த ஆட்டத்துக்கும் அதே நாற்காலி, அதே பானம், நம் அணியின் அதே கட்டம் போட்ட சட்டை, துவைக்காமல். தபால்காரர் ம்லாடென் முதல் ஆட்டத்தில் போட்ட காலுறையைக் கழற்றவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவதே பெரிய நாட்டுப்பற்று. இதையெல்லாம் கிண்டல் செய்கிறேனே தவிர, நானும் அதே கூட்டம்தான். பேப்போ கடையில் என் நாற்காலி கதவோரம். அதை விட்டு அசைந்ததில்லை.

வினை ஜப்பான் ஆட்டத்தில் தொடங்கியது. தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்கிற கட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். வாடைக்காற்று பலமாக அடித்ததால், படகின் கயிற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஷ்பீரோ எழுந்து போனான். அவன் போன சமயத்தில் நாம் கோல் போட்டோம். திரும்பி வந்தான். அதன்பிறகு ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை. பெனால்டி வந்ததும் ம்லாடென் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஷ்பீரோ, இன்னொரு தடவை கயித்தைப் பார்த்துட்டு வாயேன்."

போனான். காற்றில் கதவு அடித்துக்கொண்டதால் பேப்போ அதை உள்பக்கம் பூட்டினான். நம் கோல்கீப்பர் மூன்று உதைகளைத் தடுத்தார். ஜெயித்தோம். இருபத்தாறு வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதன் அன்று சாயங்காலமே ராசியில்லாதவன் ஆகிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பிரேசிலோடு காலிறுதி. பேப்போ கடை வாசலிலேயே அவனை மறித்தான்.

"அண்ணே, தப்பா நினைக்கக்கூடாது. இன்னைக்கு முழுசா படகுலயே இருந்துக்குங்க."

"வெளிய போன்னு நேரா சொல்லேன்டா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நாட்டுக்காகண்ணே."

"நாட்டுக்காக அவனவன் என்னென்னமோ பண்றான். நான் ரெண்டு மணி நேரம் குளிர்ல உட்காரமாட்டேனா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இரண்டு வருடம் முன்பு அவனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். குளிரில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டியவளும் நான்தான்.

அவன் போனதும் பேப்போ கதவைப் பூட்டினான். கோல் இல்லாமலே தொண்ணூறு நிமிடம் ஓடியது. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிகிற தறுவாயில் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷ்பீரோவின் முகம் தெரிந்தது. அதே நொடியில் பிரேசில் கோல் போட்டது.

கடையே அவன் பக்கம் திரும்பியது. ம்லாடென் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். "போய்த் தொலைடா அங்கிட்டு" என்பதுதான் அதில் எழுதக்கூடியது. ஷ்பீரோ இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்பதுபோலக் காட்டிவிட்டு நகர்ந்தான். பன்னிரண்டு நிமிடம் கழித்து நாம் கோல் போட்டோம். இனி யாரால் இவர்களைத் திருத்த முடியும்?

மறுபடி பெனால்டி. மூன்று மூன்று உதைகள் முடிந்தன. நாம் மூன்று, அவர்கள் இரண்டு. அப்போது கதவு தட்டப்பட்டது. பலமாக அல்ல, விரல் முட்டியால்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு கை கண்ணாடியில், மற்றொன்று கோட்டுக்குள் நெஞ்சின் மேல். உதடு சாம்பல் நிறம். குளிருக்குத்தான் கையை உள்ளே வைத்திருக்கிறான் என்று நினைத்ததாகப் பிறகு டாக்டரிடம் சொன்னேன். பொய். எனக்கு அந்தக் கை தெரியும். போன தடவையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றான்.

இரண்டு உதைதானே, நம்முடையது ஒன்று, அவர்களுடையது ஒன்று என்று மனம் கணக்குப் போட்டது. உள்ளங்கையை அவனுக்குக் காட்டினேன். இரு என்று.

இருந்தான். சொன்ன பேச்சைக் கேட்கிறவன்.

நாம் போட்டோம். அவர்களுடைய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நாற்காலிகள் பறந்தன, பேப்போ என்னைத் தூக்கிச் சுற்றினான், யாரோ கதவைத் திறந்தார்கள். கூட்டம் அவனைத் தாண்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடியது. ஷ்பீரோ படியில் சாய்ந்து கிடந்தான். சந்தோஷத்தில் குடித்துவிட்டான் என்று நினைத்து எவனோ அவன் தலையில் பீரை ஊற்றிவிட்டுப் போயிருந்தான்.

பிழைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் இல்லை என்றார்கள்.

திங்கள்கிழமை பேப்போ ஒரு பை ஆரஞ்சோடு ஷிபெனிக் மருத்துவமனைக்கு வந்தான். என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, நாளைக்கு அரையிறுதி. அண்ணனை டாக்டர் டிவி பார்க்கவிடமாட்டாரு, இல்ல?"

"பேப்போ, ஆரஞ்சை எடுத்துக்கிட்டு கிளம்பு."

"நான் கேக்கலக்கா. ஊர் கேக்குது."

உள்ளே வந்தால், ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்று ஷ்பீரோ ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். மறுநாள் ஆட்டம் தொடங்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டான். அறையின் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"திரும்பு இந்தப் பக்கம்."

"டோப்ரிலா, ஊரே நம்பிக்கிட்டு இருக்கு."

"திரும்புன்னேன்."

திரும்பினான். முப்பத்து நாலாவது நிமிடம் முதல் கோல் வாங்கினோம். ஐந்து நிமிடத்தில் இரண்டாவது. கண்ணை மூடிக்கொண்டான். திற என்றேன். அர்ஜென்டினா மூன்றாவதும் போட்டது. பார்க்கட்டும், தோற்றால் தோற்கட்டும், அவன் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு.

"என்னாலதான்," என்றான்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன். அன்னைக்கு நீ கதவைத் தட்டினப்போ உன் கை நெஞ்சுல இருந்ததைப் பார்த்தேன். என்னன்னு புரிஞ்சுது. புரிஞ்சும் திறக்கல."

அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். நம் ஆட்கள் தலை குனிந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். திட்டுவான், அழுவான், என்னை வெளியே போகச் சொல்வான் என்று காத்திருந்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"எத்தனை உதை பாக்கி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"ரெண்டு."

உண்மையாகவே யோசித்தான். பிறகு ஊசி குத்தியிருந்த கையால் என் விரல்களைத் தட்டிக்கொடுத்துப் பிடித்துக்கொண்டான்.

"விடு. உன் இடத்துல நான் இருந்தாலும் திறந்திருக்கமாட்டேன்."

ஆறுதலாகத்தான் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. என் கை அவன் கைக்குள்ளேயே இருந்தது, அதை எடுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.