வெடிப்பு தெரிகிற மாதிரி ஒரு பிரிண்ட்

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாத வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். கதை பிறந்தது அதிலிருந்து. சிதம்பரத்தில் ஒரு பிரிண்ட் கடை வரிசையில் நின்றிருந்தேன். இலக்கிய விழா அழைப்பிதழுக்கு என் முகம் வேண்டுமாம். (கன்னத்தில் கை வைத்த படம். யோசிக்கிறேனாம்.) எனக்கு முன்னால் நின்ற பெண், ஒரு கலர் படத்தைக் கண்ணாடி மேசைமேல் அறைந்துவிட்டுக் கேட்டாள்:

"எங்க தம்பி என் வெடிப்பு?"

மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவள் பெயர் எனக்குத் தெரியாது; இருசம்மாள் என்று வைத்திருக்கிறேன். அவள் கோபத்தை மட்டும் இட்டுக்கட்டவில்லை. அதைக் கடையிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறவில்லை.

2

முதல் தொடக்கம்: "சுரபுன்னைக் காடுகளின் மேல் காலைப் பொன்னொளி கசிந்துகொண்டிருந்த அவ்வேளையில், துடுப்பின் ஓசையைத் தாலாட்டெனக் கேட்டபடி" —

வேண்டாம். பிச்சாவரம் பக்கத்து ஊர் என்றால் படகு விடாமல் கதை எழுதக்கூடாது என்று சட்டமா என்ன? இருசம்மாள் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சுற்றுலாப் படகில் இதுவரை ஏறியதில்லை. ஏறுகிறவர்கள் தின்றுவிட்டுப் போட்ட தட்டுகளைப் பார்த்திருக்கிறாள்.

இரண்டாம் தொடக்கம்: "குழந்தைகள் ஒரு நாட்டின் எதிர்கால" —

இதை முடிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மைக்கும் சால்வையும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

மூன்றாவது, இருக்கட்டும்: ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அங்கன்வாடிக் கூரையின் பீமிலிருந்து முக்கால் செங்கல் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்தில் சற்று முன்புவரை இசைவாணி என்கிற மூன்றரை வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மூக்கு ஒழுகியதால் இருசம்மாள் அவளை வெளியே குழாயடிக்குக் கூட்டிப்போயிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குச் சளி பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

3

இருசம்மாள் அங்கன்வாடி உதவியாளர். சமைக்க வேண்டும், கூட்ட வேண்டும், பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வர வேண்டும். டீச்சர் பணியிடம் ஆறு மாதமாகக் காலி. ஆகவே டீச்சரும் அவளே. பிள்ளைகள் பதினேழு பேர்.

காரை விழுந்த அன்றே பதினேழு பேரையும் வெளியே பூவரச மரத்தடிக்கு மாற்றிவிட்டாள். மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள் கடலூர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெளியே உட்கார வைக்க விதி இல்லை. தினமும் காலை பத்து மணிக்கு, பிள்ளைகள் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் படம் செல்போன் ஆப்பில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மையம் மூடிக் கிடந்ததாகப் பொருள். அரிசி வராது, முட்டை வராது.

அதனால் இருசம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்து மணிக்குப் பிள்ளைகளை உள்ளே ஓட்டுவாள். பதினேழு பேரும் படத்தில் அடங்க பீமுக்கு அடியில்தான் இடம்; அங்கே வரிசையாக உட்கார வைப்பாள். "கைய கட்டு, இங்க பாரு." ஒரு படம். உடனே எல்லாரையும் வெளியே விரட்டுவாள். மொத்தம் ஒரு நிமிடம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. முதலில் வெளியே ஓடுகிறவருக்கு ஒரு உருண்டை வெல்லம். அந்த ஒரு நிமிடம் இருசம்மாளுக்கு எப்படிப் போகும் என்று எழுத முயன்று, உவமைகளாக வந்து விழுந்ததால் அடித்துவிட்டேன். அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பாள். அது போதும்.

4

கூரையைச் சரிசெய்யக் கேட்டு மனு எழுதினாள். மனுவோடு புகைப்படம் இணைக்க வேண்டும், கலரில், தெளிவாக. விதி.

படம் எடுத்தாள். சமையல் கையோடு எடுத்ததில் கேமரா கண்ணில் எண்ணெய்ப் பிசுக்கு. அதைத் தன் மகள் இலக்கியாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இலக்கியா அதை ஒரு பிரிண்ட் கடை நம்பருக்குத் தட்டிவிட்டாள்.* பிரிண்ட் வந்தது.

அதை வாங்கிப் பார்த்தவர் செந்தமிழ்செல்வன். கடலூரில் ஒரு அலுவலகத்தில் அதிகாரி. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் எங்கே போய் நின்றிருக்கிறீர்களோ அதுவே என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று தொங்குகிறது: அவர் ஒரு சான்றிதழ் வாங்குகிறார். அதில் அவருடைய சட்டைப் பொத்தானைத் தைத்த நூல்கூடத் தெரிகிறது.

"என்னம்மா இது? மழை மேகமா?"

"பீமு சார். வெடிச்சிருக்கு."

"எனக்குத் தெரியலியே. எனக்குத் தெரியாதத நான் எப்படி எழுதறது?"

*வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைப் பிழிந்து சக்கையை அனுப்பும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் முழுசாகப் போகும். இதை யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம். கடைக்காரனுக்குத் தெரியும், கேட்கவில்லை. இலக்கியாவுக்குத் தெரியும், தோன்றவில்லை. நாட்டில் மீசைக்காரர்களின் பிளெக்ஸ் மட்டும் மயிர் மயிராக எப்படித் தெளிவாக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். அதற்கு மூலப் படம் கேட்டு மூன்று பேர் அலைகிறார்கள்.

5

அடுத்த நாள் பத்து மணி நிமிடத்தில், கேமராவைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, இன்னொரு படம் எடுத்தாள். மேலே பீம், கீழே பிள்ளைகள். அதோடு நேரே சிதம்பரம் வந்து, பாலகுமார் கடையில் நின்றாள். கடைப் பலகையில் 'உங்கள் நினைவுகளுக்கு உயிர் கொடுக்கிறோம்' என்று எழுதியிருக்கும். பாலகுமார் தன்னைக் கடைக்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை; 'விஷுவல் ஆர்ட்டிஸ்ட்'.

"தெளிவா வேணும் தம்பி."

"நம்மகிட்ட வந்துட்ட இல்ல, உட்டுடுக்கா. பளிங்கு மாதிரி குடுக்கறேன்."

படத்தை வாங்கினான், ஒரு பட்டனை அமுக்கினான், பிரிண்டைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தான். அவள் கடலூர் பஸ் ஏறினாள்.

(இங்கே என் கதாபாத்திரத்தை நானே நம்பவில்லை. இவ்வளவு பாடுபட்டவள் கவரைப் பிரித்துப் பார்க்கமாட்டாளா? இரண்டு நாள் யோசித்தேன். பிரிக்கமாட்டாள். அரசாங்கத்துக்குப் போகிற காகிதம் கசங்கக்கூடாது, கை படக்கூடாது என்று நினைக்கிற ஆள் அவள். அரசாங்கத்தை அவ்வளவு மதிக்கிறவர்களைத்தான் அது அவ்வளவு தூரம் அலைய விடுகிறது. சரி, நம்புகிறேன்.)

செந்தமிழ்செல்வன் கவரைக் கிழித்தார். படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏம்மா, கட்டடம் ஜம்முனு இருக்கே!"

அவள் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் கம்பிகளை எண்ணலாம். சுவரில் ஒட்டிய அகர முதல எழுத்துகளைப் படிக்கலாம். பீம் வெண்ணெய் தடவியது போல வழுவழுவென்று இருந்தது. வெடிப்பு இல்லை. கீழே பிள்ளைகளும் இல்லை.

அவள் வாய் திறப்பதற்குள் அவர் பேனா திறந்துவிட்டது. கோப்பில் எழுதினார்: 'மனுதாரரே இணைத்துள்ள புகைப்படத்தின்படி கட்டடம் நல்ல நிலையில் உள்ளது. மனு முடித்து வைக்கப்படுகிறது.'

இந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. இந்த வட்டாரத்தில் இவ்வளவு கச்சிதமாக உரைநடை எழுதுகிறவர்கள் குறைவு. என் வரிசையில் நிற்கிற எழுத்தாளர்கள் பொறாமைப்படலாம்.

6

இப்போது கடை. நான் வரிசையில் நிற்கிறேன். கோப்பில் போன படத்துக்கு அவள் கேட்டு வாங்கி வந்த கலர் நகல் மேசைமேல் கிடக்கிறது.

"எங்க தம்பி என் வெடிப்பு?"

"என்னாக்கா வெடிப்பு?"

"பீமுல. ஜன்னல்லேர்ந்து கதவு வரைக்கும் ஓடுது, என் சுண்டு வெரலு உள்ள போவுது. என்னா பண்ண நீ அத?"

பாலகுமார் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவன் சிரித்திருக்கக்கூடாது.

"அதுவா! சாப்ட்வேர் எடுத்துருக்கும்கா. பழைய கல்யாணப் போட்டோல்லாம் கோடு கோடா கீறலோட வரும்ல, அதத் தானா எடுக்கும். எல்லா பிரிண்ட்டுக்கும் ஆன்ல தான் வெச்சிருக்கேன். சர்வீஸ்!"

"கீழ புள்ளைங்க இருந்துச்சே?"

"தலை மட்டும் பாதி பாதியா தெரிஞ்சுது. காம்போசிஷன் அடி வாங்குது. கட் பண்ணிட்டேன்."

"பதினேழு புள்ளைய கட் பண்ணிட்டியா?"

"அக்கா, பதினாறு வருஷமா பீல்டுல இருக்கேன். என் பிரிண்ட்ட ஒருத்தன் கொற சொன்னதில்ல."

"கட்டன கான்ட்ராக்டரு பண்ணாத வேலைய ஒரு பட்டன்ல பண்ணிட்டியேடா! ஒன்ன டெண்டர் எடுக்கச் சொல்றேன், ஊர்ல இருக்கற கூரையெல்லாம் அமுக்கி அமுக்கிப் பூசிட்டு வா. ஆபீசருக்கும் வேல மிச்சம். நீ பூசனத பாத்துட்டு அந்த மனுசன் எழுதிட்டாரு, நல்லா இருக்குதாம். நானே குடுத்தனாம். என் கையால நானே குடுத்தனாம்!"

வரிசையில் நின்றவர்கள் அவரவர் போனைப் பார்த்தார்கள். (நானும்தான். என் முகத்தைப் பளிங்காக்கச் சொல்லி வந்தவன் என்ன பேசுவது?)

பாலகுமார் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையை நீட்டினான். "போனக் குடுக்கா."

கேபிள் போட்டு மூலப் படத்தை எடுத்தான். பட்டனை ஆஃப் செய்தான். பெரிதாக்கினான். திரையில் வெடிப்பு வந்தது: ஓரத்தில் கறுப்பு, நடுவில் துருப்பிடித்த கம்பி, கம்பியைச் சுற்றிக் காரை பொறுக்குத் தட்டி நிற்கிறது. படத்தைக் கீழே இழுத்தான். உச்சந்தலைகள். எண்ணெய் வைத்து வாரியவை, வாராதவை, ஒரு மொட்டை.

"இது யாருக்கா, மேல பாக்குது?"

"இசைவாணி. என்னையப் பாத்து அதுவும் மேல பாக்கக் கத்துக்கிச்சு."

அவன் அந்தத் தலையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு, ஒன்றும் தொடாமல், மினுமினுப்பில்லாத தாளில், முழுப் படத்தையும் பெரிதாகப் போட்டான்.

"சூப்பரா வந்துருக்குக்கா. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அடுத்த தடவ ஜூம் பண்ணாத. ஜூம் பண்ணா ஒடையும். கிட்டக்க போய் எடு."

"கிட்டக்கன்னா பீமுக்கு அடியில தம்பி."

"…"

(பாலகுமாரின் பதிலை நான் எழுதி வைத்திருந்தேன். மனம் மாறிய மனிதனின் அழகான பதில். அவன் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான். புள்ளிகளையே வைத்துவிட்டேன்.)

7

மறுபடியும் கடலூர். தெளிவான படம். செந்தமிழ்செல்வன் பார்க்கிறார்.

"ஏம்மா, கோப்புல ஏற்கனவே ஒரு படம் இருக்கு. அதுல வெடிப்பு இல்ல. இதுல இருக்கு. ரெண்டுமே நீங்க குடுத்தது. எத நான் உண்மைன்னு எடுத்துக்கறது?"

"நேர்ல வந்து பாருங்க சார்."

"ஆய்வுக்கு வரணும்னா மனு நிலுவைல இருக்கணும். இது முடிச்ச மனு."

இதற்கு மேல் முடிவுதான் பாக்கி. கைவசம் மூன்று இருக்கின்றன.

அ) செந்தமிழ்செல்வனுக்குத் தன் பேத்தி நினைவு வருகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "வாம்மா, ஜீப்ல ஏறு" —

அவருக்குப் பேத்தி இருக்கலாம். தனியார் பள்ளியில் படிக்கலாம்.

ஆ) யாரோ வீடியோ எடுக்கிறார்கள், ஊரெல்லாம் பரவுகிறது, மறுநாள் அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் வெள்ளை அடிக்கிறார்கள். வெடிப்பு மேலேயே. இது நடக்கும். நடக்கும் என்பதாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

இ) பீம் விழுகிறது.

இந்த மூன்றாவதைத்தான் நண்பர் ஒருவர் சிபாரிசு செய்தார். இதழாசிரியர். "கதை அங்கேதான் சார் போகுது, நீங்க தடுக்காதீங்க. வாசகன் கலங்கிடுவான்." போனை வைத்துவிட்டேன். கலங்குவதற்கு ஒரு பிள்ளை வேண்டும் என்கிறார் அவர். மனுவைத் திறப்பதற்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று அலுவலகம் காத்திருக்கிறது. இரண்டு பேரும் கேட்பது ஒரே இணைப்பைத்தான். கொடுக்கமாட்டேன். என் கதையில் அந்த பீம் விழாது. நான் எழுதிக்கொண்டிருக்கிறவரை என் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். பிரச்சினை என்னவென்றால், எனக்கு இன்னும் அரைப் பக்கம்தான் இருக்கிறது.

ஆகவே இருசம்மாளிடமே விட்டுவிட்டேன். அவள் படத்தை மேசைமேல் திருப்பி அவர் பக்கமாக வைத்தாள். அதன் அடி ஓரத்தில், உச்சந்தலைகள் இருக்கும் இடத்தில், விரலை ஊன்றினாள்.

"சார், இங்க மொட்டைக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியா இருக்குது. நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க வந்து அதுல உக்காருங்க. ஒரே நிமிஷம். நானே போட்டோ எடுத்து ஆப்புல ஏத்தறேன். அப்பறம் நீங்க என்னா எழுதணுமோ எழுதிக்குங்க."

அலுவலகத்தில் தட்டச்சு நின்றது. செந்தமிழ்செல்வன் நிமிர்ந்தார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். இப்போது அவர் வாயைத் திறக்கிறார்.

அந்த வாய்க்கு நான் நான்கு பதில்கள் எழுதினேன். நான்கும் அவர் எழுதியது போலவே இலக்கண சுத்தமாக வந்தன. நான்கையும் அடித்துவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதுங்கள். இந்த மாதிரி மேசைகளுக்கு எதிரே நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டு. உட்கார்ந்த அனுபவம் இருந்தால் இன்னும் சுலபம்.

ஆனால் யோசித்து எழுதுகிறேன் என்று நாளைக் கடத்தாதீர்கள். ஒன்பதரைக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.