பெருசு ஒத்துக்குமா?

குருபரப்பள்ளியில் பெருமாளைப் 'பெருசு' என்று கூப்பிடாத ஆள் கிடையாது. "பெருசு, கொஞ்சம் தள்ளி உட்காரு" என்பார்கள். "பெருசு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் அவர் சிரித்துக்கொள்வார்.

நெடுஞ்சாலையை ஒட்டிய அவருடைய நிலத்தைக் கேட்டு ஒரு தரகர் வந்த அன்றுதான் அந்தச் சொல் வேறு மாதிரி காதில் விழுந்தது. பெருமாள் கொட்டகைக்குள் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். வெளியே மகன் மணியிடம் தரகர் கேட்டார்.

"பெருசு ஒத்துக்குமா?"

"அது ஒத்துக்காது. ஆனா ரொம்ப நாள் தாங்காது, விடுங்க."

அடிமாட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. அப்பா என்று சொல்லியிருந்தால், 'ஒத்துக்கமாட்டாரு' என்றுதான் வாயில் வந்திருக்கும். பெருசு என்றதும் அவர் 'அது' ஆகிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. தாங்காது என்று எதை வைத்துச் சொல்கிறான்? அவருக்குச் சர்க்கரைகூடக் கிடையாது.

அடுத்த வாரம் ஒரு காலையில், தக்காளிக்குத் தண்ணீர் விட மோட்டார் ரூமுக்குப் போனார். மழையே இல்லை, ஆனால் உள்ளே தரை சொதசொதவென்று கிடந்தது. சுவிட்சுப் பெட்டியின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு ஒரு ஒயர் தோல் உரிந்து தொங்கியது. எலி கடித்திருந்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது கத்தியால் சீவியதுபோல் வழவழவென்று இருந்தது.

படியைத் தாண்டாமல் திரும்பினார். வீட்டு வாசலில் மணி பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கால் வலிக்குதுடா. நீ போயி மோட்டாரைப் போட்டுட்டு வா."

"நான் ஷிப்டுக்குக் கெளம்பணும்."

"ஒரு நிமிசம் ஆவுமா? போயிட்டு வாடா."

மணி அசையவில்லை. பிரஷ் வாயிலேயே நின்றது. அடுப்படியிலிருந்து மருமகள் பிரவீனா ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு போவ வேணாம் மாமா."

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. பெருமாள் இரண்டு பேரையும் பார்த்தார். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

களை எடுக்க வரும் மாரம்மா தண்ணீர் குடிக்க அந்த ரூமுக்குத்தான் போவாள். அந்த நினைப்பு வந்ததும், திரும்பிப் போய், மோட்டார் ரூமுக்கு வெளியில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு எதையும் எடுக்கவில்லை. வயல் வரப்பு வழியாக ரோட்டுக்கு நடந்தார்.

ஓசூர் பக்கம் மத்திகிரியில் மகள் இருக்கிறாள். ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்த ஃபியூஸ் கட்டைகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சூளகிரி தாண்டியும் கையை எடுக்கவில்லை.