மீசைக்கு விட்ட இடம்

கரிந்த தீக்குச்சியின் முனை அந்தப் பெரிய மனிதரின் மூக்குக்குக் கீழே இறங்குகிறது, இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு, மாரிக்கனி அக்கா நாக்கைத் துருத்திக்கொண்டு மீசை வரைகிறாள், தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு அவளிடம் மிஞ்சிய ஒரே பாடப்புத்தகம் அது, நாட்டுக்கு உழைத்தவர்கள் அதில் பக்கத்துக்கு ஒருவராக உம்மென்று உட்கார்ந்திருப்பார்கள், பாரு பாப்பா, இப்பத்தான் இவரு நம்மகிட்ட பேசுற மாதிரி இருக்காரு என்று என் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள், நான் சிரிக்கிறேன், சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால் என் தலை நரைத்திருக்கிறது, என் மேசையில் வேறொரு பெரிய மனிதரின் புகைப்படம் கிடக்கிறது, மீசையில்லாமல் வழவழவென்று மழித்த முகம், குணரத்தினம் அண்ணாச்சி, எங்கள் கம்பெனி முதலாளி, செத்துப்போனவர், ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவருடைய மகன் விஜயரத்தினம், அப்பாவுக்கு நூற்றாண்டும்மா, சின்னப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி வாழ்க்கை வரலாறு போடுறோம், மாவட்டத்துல எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இலவசம், படம் நீங்கதான் வரையணும், நம்ம ஊர்ல உங்கள விட்டா யாரு என்றார், அச்சகத்தில் படம் வரைகிறவள் என்பதற்கு மேல் அவருக்கு என்னைத் தெரியாது, நானும் சொல்லவில்லை. இப்படி எத்தனை பேருடைய வரலாற்றுக்கு வரைந்திருக்கிறேன், எல்லாரும் தெருவிளக்கில் படித்தவர்கள், எல்லாரும் பொய்யே சொல்லாத பிள்ளைகள், ஒருத்தராவது ஒரு மாங்காய் திருடித் தின்றிருக்கக் கூடாதா என்று அலுத்துக்கொண்டே விளக்குக் கம்பம் போட்டுப் போட்டு என் கை பழகிவிட்டது, இதுவும் அந்த ரகம்தான் என்று கையெழுத்துப் பிரதியைப் புரட்டினேன், குழந்தைகளின் தோழர் என்று ஓர் அத்தியாயம், அதற்குள் இருந்தாள் அக்கா. பெயர் இல்லை. ஓர் ஏழைச் சிறுமி தீப்பெட்டி திருட ஆலைக்குள் நுழைந்தாளாம், தீயில் சிக்கி இறந்தாளாம், ஐயா அவளை மன்னித்தாராம், இனி எந்தப் பிள்ளையும் வழிதவறக் கூடாது என்று கண்ணீரோடு பள்ளிக்கூடம் கட்டினாராம். மன்னித்தாராம். அந்தச் சொல்லை நகத்தால் கீறிக் கீறித் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.

லேபர் ஆபீசர் வாராரு, ஆபீசர் வாராரு என்று கணக்கப்பிள்ளை ஓடிவருகிறார், வேலையில் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்று சோதிக்கிறவர், குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எல்லாம் பின்பக்கத்துக் குடோனுக்குள் தள்ளுகிறார்கள், குடோன் வாசலில் அண்ணாச்சியே நிற்கிறார், கையில் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம், ஆளுக்கு ஒண்ணு, வாயில போட்டுக்கிட்டு சத்தங்காட்டாம இருக்கணும், என்ன, நல்ல பிள்ளைகள்லா என்கிறார், கதவு சாத்துகிறது, வெளியே பூட்டு விழுகிற சத்தம், எங்களுக்கு அது பழக்கம்தான், மிட்டாய் கரைவதற்குள் ஆபீசர் இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார், கதவு திறக்கும், அன்றைக்குத் திறக்கவில்லை. மூலையில் மருந்து முக்கிக் காயவைத்த குச்சிகள் எப்படிப் பற்றின என்று யாருக்கும் தெரியாது, புகை, இருமல், அம்மா என்ற கத்தல், அக்கா என் இடுப்பைப் பிடித்துத் தூக்குகிறாள், தலைக்கு மேலே கம்பி பெயர்ந்த ஒரு சின்ன ஜன்னல், போ பாப்பா, நான் பெறத்தால வாரேன், அவள் கன்னம் ஒரு பக்கம் இன்னும் மிட்டாயால் உப்பியிருக்கிறது, நான் வெளியே மண்ணில் விழுகிறேன், கதவை உடைத்து மற்ற பிள்ளைகளைத் தூக்கி வருகிறார்கள், அக்காவைக் கடைசியாக. கம்பெனியில சின்னப் பிள்ளைகளே கிடையாது, இது களவாங்க வந்த பிள்ளை என்று அண்ணாச்சி போலீசுக்குச் சொன்னார், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, போனாப் போவுது, நான் பெரிசு பண்ணல என்றார், அதன் பிறகு அம்மா குழாயடிக்குப் போனால் களவாணி ஆத்தா வாரா என்று குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்வார்கள், அதைக் கேட்டுக் கேட்டே அம்மா போய்ச்சேர்ந்தாள், நான் அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

ஆகட்டும் என்று வரைய உட்கார்ந்தேன், முகத்தை எத்தனை லட்சணமாகப் போட முடியுமோ அத்தனை லட்சணமாகப் போட்டேன், பெரியவர்கள் படத்தில் முகத்தை மட்டும் பார்ப்பார்கள், பிள்ளைகள் அப்படியில்லை, மூலையில் கிடக்கும் வாளியைப் பார்க்கும், செருப்பின் வாரைப் பார்க்கும், இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான். அண்ணாச்சி வலது கையால் மிட்டாய் நீட்டுகிறார், இடது கை முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைப் பிடித்திருக்கிறது, பின்னால் ஒரு கதவு, கதவில் பூட்டு, மேலே சின்ன ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு முகங்கள், அதில் ஒருத்திக்கு ஒரு கன்னம் உப்பியிருக்கிறது, ஓரமாக மெல்லிசாகப் புகை. விஜயரத்தினம் பார்த்தார், அப்பா அப்படியே உசிரோட நிக்காங்கம்மா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், கதவைப் பார்க்கவே இல்லை, அச்சுக்குப் போகுமுன் அண்ணாச்சியின் மூக்குக்குக் கீழே மட்டும் இடத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக, வெள்ளையாக விட்டேன், அது பிள்ளைகளுக்கு நான் விட்டுவைத்த இடம்.

விழா அவர் கட்டிய அந்தப் பள்ளிக்கூடத்திலேயே நடக்கிறது, மேடையில் கலெக்டர், மாலை போட்ட புகைப்படம், கீழே பிள்ளைகள் மடியில் புத்தகம், புத்தகத்தோடு ஒரு சிவப்புப் பேனாவும் இலவசம், அந்த யோசனையும் விஜயரத்தினத்துக்கே தோன்றியது, நான் பின்வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மைக்கில் அப்பாவின் கருணையைப் பற்றிப் பேசப் பேசக் கீழே களுக்கென்று ஒரு சிரிப்பு, வரிசை வரிசையாகப் பரவுகிறது, பேச்சை நிறுத்திவிட்டு, என்ன கண்ணுகளா, சந்தேகம் இருந்தாக் கேளுங்க என்கிறார், முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, சார், ஐயா எதுக்குச் சாவிய ஒளிச்சு வச்சிருக்காரு என்கிறாள், உள்ள பிள்ளைங்க இருக்காங்க சார், பூட்டியிருக்கு என்கிறது இன்னொரு குரல், பொகை வருது சார் என்று எல்லாருமாகக் கத்துகிறார்கள், கலெக்டர் தன் கையிலிருந்த புத்தகத்தைப் பிரிக்கிறார், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். விஜயரத்தினம் அப்போதுதான் படத்தைப் பார்க்கிறார், முகத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும், மேடையை விட்டு இறங்கி நேரே என்னிடம் வருகிறார், யாரும்மா நீங்க என்கிறார், மாரிக்கனியோட தங்கச்சி என்கிறேன், அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது, முகம் வெளிறியதிலேயே தெரிகிறது, எனக்கு அது ஆரஞ்சு மிட்டாயைவிட இனிக்கிறது. டீச்சர், புத்தகத்தை எல்லாம் திருப்பி வாங்குங்க என்று கத்துகிறார், பிள்ளைகள் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள், மற்ற பள்ளிக்கூடங்களுக்கு லாரி காலையிலேயே போய்விட்டது.

என் பக்கத்தில் இருக்கும் சிறுமிக்கு இந்தக் கூச்சல் எதுவும் காதில் விழவில்லை, சிவப்புப் பேனா மூக்குக்குக் கீழே இறங்குகிறது, இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு, தலைக்கு மேல் இரண்டு கொம்பு, கடைவாயில் பல், பிறகு பேனா மெல்ல ஜன்னலுக்கு ஏறுகிறது, உப்பிய கன்னத்துக்காரியிடம் வந்து நிற்கிறது, அவளுக்கு மீசை வைக்கவில்லை, நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு வைக்கிறாள், இந்த அக்கா பேரு என்ன என்று என்னைக் கேட்கிறாள், சொல்கிறேன், நாக்கைத் துருத்திக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே எழுதுகிறாள்.