கரிச்சட்டி யோசனை

சவுரியம்மாள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் சகாய பிரியா. எடுத்த எடுப்பிலேயே அழுகை.

“ஹீட்டிங் நின்னுபோச்சும்மா. வூடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்குது.”

2010 டிசம்பர். அங்கே முழங்கால் அளவு பனி. ஆபீஸ் வேலையாக வெளியூர் போன மருமகன் ஆஸ்வின், ரயில் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் பச்சை உடம்புக்காரி ஒருத்தி, பிறந்து இருபது நாள் ஆன குழந்தை ஒன்று. பிரசவம் பார்க்கக் கிளம்பிய சவுரியம்மாளுக்கு விசா கொடுக்க மறுத்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. போக முடியாதவளுக்கு வாய் ஒன்றுதானே மிச்சம்?

“சிலிண்டர் தீந்துபோச்சாடி? ரெகுலேட்டரக் கழட்டி மாட்டிப் பாரு.”

“இங்க சிலிண்டர் இல்லம்மா. கேஸ் குழாயில வருது. செவுத்துல இருக்கிற பாய்லர் தண்ணிய சூடு பண்ணி ரூம் ரூமா அனுப்பும்.”

“அப்ப தண்ணி இருக்குதா பாரு.”

“எல்லாம் பாத்துட்டேம்மா. பிரஷர் முள்ளு சரியாத்தான் நிக்குது. பட்டன அழுத்துனா கடகடன்னு சத்தம் வருது, அப்புறம் செவப்பு லைட்டு எரிஞ்சி நின்னுடுது. வெளிய போற குழாயில தண்ணி ஒறஞ்சிருக்கும், வெந்நி ஊத்துங்கன்னாங்க கம்பெனியில. ஊத்திட்டேன். ஆளு வர ரெண்டு நாளாவுமாம். கடையில கரண்ட் ஹீட்டரும் இல்லியாம்.”

சவுரியம்மாள் சும்மா இருந்திருக்கலாம். அது அவள் ஜாதகத்திலேயே இல்லை.

“வெயில் நாள்ல தோட்டத்துல கறி சுட்டம்னியே, அந்த அடுப்புக் கரி இருக்குதா? இரும்புச் சட்டியில போட்டுப் பத்தவச்சி, ரூமுக்குள்ள வச்சிக்கினு கதவு ஜன்னல எல்லாம் இறுக்கி மூடிக்கோ. நீ பொறந்த மார்கழியில நான் அப்பிடித்தான் வச்சேன். இன்னா, வக்கிறியா?”

“சரிம்மா,” என்றாள் பிரியா. குழந்தை வீரிட்டது. போனை வைத்துவிட்டாள்.

ஒரு வழி பண்ணிவிட்டோம் என்று சவுரியம்மாள் மீதி மல்லாட்டையையும் உரித்து முடித்தாள். பொழுது சாய, புருஷன் பிரான்சிஸ் விழுப்புரத்திலிருந்து வந்தார். ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் பாய்லரில் வேலை அவருக்கு. நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னாள். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது.

“மூடிக்கினு வக்கச் சொன்னியா?”

“ஆமா. இல்லாட்டி சூடு தங்குமா?”

“எங்க மில்லு வாட்ச்மேன் மழைக்குக் குளுருதுன்னு கரிய ரூம்ல வச்சிக்கினு தூங்குனான். காலையில பொணமாத்தான் எடுத்தோம். ஒரு காயமில்ல. தூங்குற மாதிரியே கெடந்தான்.”

“இவள அப்பிடித்தானே நான் வளத்தேன்.”

“அது ஓட்டு வூடு, சந்து சந்தா காத்து வரும். அங்க ரெட்டைக் கண்ணாடி போட்டு அடைச்சி வச்சிருக்கானுங்க. கரியிலேருந்து வர்ற வெசக்காத்து புகை தெரியாது, வாடை தெரியாது. ஆளக் கொன்னுடும்.”

சவுரியம்மாள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். அவர்கள் கைபேசியில் வெளிநாட்டுக்குப் பேச வழி கிடையாது. இருவரும் பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினார்கள். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைக்காரி இங்கிலீஷில் ஏதோ சொல்லி ஓய்ந்தாள். அது மெஷின், பேசினால் பதிவாகும் என்றார் பூத்துக்காரர்.

“பிரியா, கரிய வெளிய எறிம்மா. ஜன்னலத் தொற. புள்ளயத் தூக்கிக்கினு வெளிய ஓடு,” என்று அந்த இயந்திரத்திடம் கெஞ்சினாள். ஆஸ்வின் போன் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாது. அங்கே ஆம்புலன்சுக்கு எந்த நம்பர் என்று பிரான்சிஸ் கேட்க, பூத்துக்காரர் கையை விரித்தார்.

மறுபடி அடித்தார்கள். மறுபடி அதே வெள்ளைக்காரி. மாதாவே, என் வாயால் என் பிள்ளையைக் கொன்றுவிட்டேனா என்று சவுரியம்மாள் தலையிலடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையாவது தடவையோ, அந்தப் பக்கம் போனை எடுக்கும் சத்தம் கேட்டது.

“கண்ணசந்துட்டேம்மா. இன்னா?”

“கரி. அந்தக் கரிச்சட்டிய வெளிய வை.”

“எந்தக் கரி? நான் ஒன்னும் வக்கலியே.”

“சரின்னியேடி.”

“நீ எதச் சொன்னாலும் சரின்னுதான சொல்வேன். மாட்டேன்னா நீ வுடுவியா? நீ சொன்ன பூண்டுக் கொழம்பு, காதுக்குப் பஞ்சு, எதையும் நான் செய்யலம்மா.”

உயிர் வந்தது சவுரியம்மாளுக்கு. அதே மூச்சில் நெஞ்சில் ஒரு குத்தும் விழுந்தது. இருபது நாளாய்ப் போனிலேயே பிள்ளைப்பேறு பார்த்தாளே, அத்தனையும் காற்றோடு போயிருக்கிறது. போகட்டும், அதனால்தான் இரண்டு உயிர் பிழைத்தது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா, வச்சிடாத,” என்றாள் பிரியா. “இங்க நாலு மணிக்கே இருட்டிடும். புள்ள கையெல்லாம் சில்லுன்னு இருக்குது. நெசமாத்தான் கேக்கறேன், இப்ப நான் இன்னா பண்ணணும்? சொல்லு, அப்பிடியே செய்யறேன்.”

சவுரியம்மாள் வாயைத் திறந்தாள். நாக்கின் நுனியில் இரண்டு மூன்று யோசனை வந்து நின்றது. எது காக்கும், எது கொல்லும் என்று அவளுக்கு நிதானம் பிடிபடவில்லை. ரிசீவரைப் பிரான்சிஸிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“எனக்கு ஒன்னும் தெரியல தாயி,” என்றாள்.