மிஞ்சக் கூடாத கறி

தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

“டேய் சென்னா, இந்தக் கறிச்சட்டிய எங்கடா கொட்டட்டும்?”

சென்னகேசவனின் விரலிலிருந்து முடிச்சு நழுவியது. மனைவி பெர்சியாளின் வாய் லேசாகத் திறந்துகொண்டது, பதிலை அவளே சொல்ல வருகிற மாதிரி. அவர் துணியை மறுபடி இழுத்துக் கட்டினார். கன்னத்தில் இன்னும் சூடு இருந்தது. உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“கொட்ட வேண்டாங்க்கா.”

“சாவு ஊட்டுல ஆக்குனது எதையும் வெச்சிருக்கக் கூடாது. குடத்துத் தண்ணியவே கொட்டிப்போட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி.”

“அத மட்டும் தொடாதீங்க.”

அக்கா பத்மாவதி இடுப்பில் கை வைத்து நின்றாள். வழக்கமாக இப்படி நின்றால் அடுத்து வருவது தெலுங்குத் திட்டாக இருக்கும். இன்றைக்குத் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டாள். ஆனாலும் அடுக்களை வாசலைவிட்டு நகரவில்லை.

இந்தச் சட்டியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சென்னகேசவன் நாயுடு வீட்டுப் பிள்ளை. பெர்சியாள் பரம்பரைக் கிறிஸ்தவர் வீட்டுப் பெண். சிங்காநல்லூரில் ஒரு மில்லில் அவர் மிஷின் பழுது பார்க்கும் பிட்டராகவும் அவள் நூல் சுற்றும் ரீலிங்கிலும் இருந்தபோது ஷிப்டு முடிந்து ஒன்றாக சைக்கிள் தள்ளிக்கொண்டு போனதில் ஆரம்பித்தது. இரண்டு வீட்டிலும் கொஞ்ச காலம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்துவிட்டு அப்புறம் அடங்கினார்கள். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை வேதக்கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பரை விளம்பரம்வரை படித்து முடித்து, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதோடு அவருடைய பக்தி முடிந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை மட்டும் அப்படித் தப்பிக்க முடியாது. மற்றவர்கள் அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கி வருவதோடு சரி. பெர்சியாளுக்கு அது போதாது. “ஆண்டவரு கடைசியா சாப்புட்ட சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னே தெரியாம, அவரு பேர மட்டும் சொல்லீட்டுத் திரியறதாக்கும்?” என்பாள். கோயிலுக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் பஸ்கா விருந்து, அந்தக் கடைசிச் சாப்பாடு, நடந்தாக வேண்டும். பழுதில்லாத கிடாக்குட்டியின் தொடை முழுசாக, எலும்பு ஒடியாமல், தண்ணீர் விடாமல் வாட்டியதாக இருக்க வேண்டும். மாவு பிசைந்த கையோடு, புளிக்க விடாமல் சுட்ட அப்பம். கூடவே ஏதாவது கசப்பு. நின்றுகொண்டே, காலில் செருப்போடு, அவசர அவசரமாகச் சாப்பிட வேண்டும். எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்கள் விடுதலையாகிக் கிளம்புகிற ராத்திரியில் அப்படித்தான் சாப்பிட்டார்களாம். ஆட்டு ரத்தம் பூசிய நிலைக்கதவைக் கண்டால் சாவு அந்த வீட்டைத் தொடாமல் கடந்து போயிற்றாம். விடியும்வரை ஒரு துண்டு மிஞ்சக் கூடாது. வீட்டில் ஆள் குறைவென்றால் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் செருப்பு விஷயம்தான் அவருக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்குள் செருப்போடு சோறு தின்பதா? அவள் செருப்போடும் அவர் வெறுங்காலோடும் வருஷா வருஷம் எதிரும் புதிருமாக நின்று சாப்பிட்டு வந்தார்கள். பெர்சியாள் ஒரு தடவைகூட வற்புறுத்தியதில்லை. “நீங்க பின்னால பொறப்படுங்க, நான் முன்னால போறேன்” என்று மட்டும் சிரிப்பாள்.

இந்த வருஷம் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. இருதயம் பாதிதான் வேலை செய்கிறது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ்காவை விட்டுவிடலாம் என்று அவர் சொன்னதற்கு, “நான் உக்காந்துட்டே சொல்றேன், நீங்க செய்யுங்க” என்றாள். பக்கத்து வீட்டு ஷேக் பரீத் விடிந்ததும் போய்க் கறி வாங்கி வந்தார். அவருக்கு டவுன்ஹாலில் துணிக்கடை. கறியில் பழுது பார்ப்பதில் கசாப்புக்காரனையே கலங்கடிப்பார். “எங்க பக்ரீத் குர்பானிக்கும் இதே சட்டந்தானுங்க அம்மணி. நொண்டி, குருடு ஆகாது” என்று பெர்சியாளிடம் தொடையைத் தூக்கிக் காட்டினார். அவள் மாப்பிள்ளை பார்ப்பதுபோல் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். இரும்புச் சட்டியில் கறியைப் புரட்டிப் புரட்டி வாட்டினார். மாவில் உப்பு கூடிவிட்டதென்று திட்டு வாங்கினார். கடைசியில் ஒரு நார் கறியைப் பிய்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கண்ணை மூடி மென்றாள். “நல்லா இருக்குதுங்க. ஒரு துண்டு மிஞ்சக் கூடாது, பாத்துக்குங்க. கசப்புக்கு என்ன பண்ணீங்க?” என்றாள். அது மறந்தே போயிருந்தது. அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தெருக்கோடி மரத்தில் வேப்பம்பூ உதிர்த்துத் துண்டில் கட்டிக்கொண்டு வந்தார். வந்தபோது அவள் இல்லை. கட்டிலில் படுத்திருந்தாள், ஆனால் இல்லை. அவளுக்கு வலித்த மாதிரி முகத்தில் எதுவும் தெரியவில்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்று மணிக்குப் பாஸ்டர் வந்தார். சின்ன வயது, நல்ல மனுஷன். ஜெபம் செய்துவிட்டு சென்னகேசவனின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பெரிய வெள்ளி, காலையிலிருந்து ஆராதனை, அடக்கம் வைக்க முடியாது, வர வேண்டிய தூரத்து உறவு யாரும் இல்லையென்றால் இன்றைக்கு ஐந்து மணிக்கே எடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எடுத்துடலாமுங்க. அவளுக்கு எதையும் இழுத்தடிச்சா புடிக்காது” என்றார் சென்னகேசவன். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு கேக்கோணுமுங்க. பஸ்காவுக்குக் கறி வாட்டி வெச்சிருக்குது. அவ சொல்லிச் செஞ்சது. அக்கா கொட்டோணும்ங்கறாங்க. உங்க கோயில் அம்மாங்க, லெந்து நோம்பு நாள்ல கறியான்னு வாயில கை வெக்கறாங்க. நான் என்னுங்க பண்ணட்டும்?”

பாஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். இந்தச் சட்டியோடு அவருக்கும் பழைய வழக்கு உண்டு. “வருசா வருசம் அம்மாகிட்டச் சொல்லுவேனுங்க, நமக்கு ஆட்டுக்குட்டி இயேசுதான், இனி வேற ஆடு வேண்டாம்னு. அதுக்கு அவங்க, தெரியுமுங்க பாஸ்டர், அவரு என்ன சாப்புட்டாருன்னு சாப்புட்டுப் பாக்கறேன், அவ்வளவுதானுங்கன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல எனக்குப் பேச வராது.” கொஞ்ச நேரம் யோசித்தார். “பிணத்தத் தொட்டவங்க அன்னைக்குப் பஸ்கா சாப்புடக் கூடாது, அடுத்த மாசம் அதே நாள்ல ஆசரிக்கலாம்னு வேதத்துல ஒரு எடத்துல இருக்குதுங்க. நீங்க வேணும்னா அப்படிச் செய்யலாமுங்க.”

சென்னகேசவனும் யோசித்தார். “கறி அடுத்த மாசம் வரைக்கும் தாங்காதுங்களே.”

பாஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்தபின் எங்கே சிரித்தோம் என்று உணர்ந்து திரும்பிப் பெர்சியாளைப் பார்த்தார். அவள் ஒன்றும் தப்பாக நினைத்தமாதிரி தெரியவில்லை. “கொட்டச் சொல்லி என் வாயால வராதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதற்குள் வாசலில் சாமியானா போட்டுவிட்டார்கள். நாற்காலி கொண்டுவருகிற வண்டி மட்டும் வந்து சேரவில்லை. மில்லில் கூட வேலை பார்த்தவர்களும் கோயில்காரர்களும் தெருக்காரர்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். சென்னகேசவன் அடுக்களைக்குப் போய்ச் சட்டியின் முன்னால் நின்றார். மனைவி செத்ததற்கு இன்னும் சரியாக அழக்கூட இல்லை, ஒரு சட்டிக் கறிக்கு இவ்வளவு தவிப்பு. ஆனால் அவள் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். அதையும் சாக்கடையில் கொட்டிவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் எதைத் தின்று காலம் தள்ளுவது?

“ஏண்டா, அவங்க சாமி கதையில ரத்தம் பூசுன ஊட்டச் சாவு கடந்து போவும்னு சொல்லுவாளே. இங்க மட்டும் ஏன் கடக்கல?” பத்மாவதி குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. நாத்தனார்த்தனம் எவ்வளவு இருந்தாலும் முட்டிவலிக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவள் பெர்சியாள்தான்.

“காத்தால நானும் அதத்தாங்க்கா கேட்டேன். நானே போயி நிலையில ரத்தத்தப் பூசிப்போடட்டுமா புள்ளன்னேன். சிரிச்சாள். அன்னைக்கு ராத்திரி பொழச்சவங்க எல்லாம் அப்பறம் ஒரு நாள் செத்துத்தானுங்க போனாங்க. ஆனா அடிமையாச் சாகலைன்னாள்.” சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எனக்குப் பயமில்லைங்க, நீங்களும் பயப்படாதீங்கன்னாளுங்க்கா.”

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அப்போதுதான் பின்வாசல் வழியாகத் தாஜுன்னிசா வந்தாள், ஷேக் பரீத்தின் மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. வருஷா வருஷம் இதே நாளில் இதே தட்டோடு வருகிறவள்தான்.

“அண்ணா, எங்க ஊட்டுப் பங்கக் குடுங்க” என்றாள்.

சென்னகேசவன் அக்காவைப் பார்த்தார்.

“காத்தால பெர்சியாக்கா சாளரத்துல இருந்து கூப்புட்டுச் சொன்னாங்க. தாஜு, இந்த வருசம் நீங்கதான் நெறையத் திங்கோணும், எனக்கு வாய்க்கு முடியலைன்னு. நான் சரியின்னு சொல்லிப்போட்டேன். சொன்ன சொல்ல மாத்துவீங்களாண்ணா?”

அவளுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சட்டியை இறக்கினாள். துணியில் சுற்றியிருந்த அப்பத்தைத் தட்டில் அடுக்கினாள்.

“ஊட்டுக்குள்ள வேண்டாம்” என்றாள் பத்மாவதி திடீரென்று. இரண்டு பேரும் திரும்பினார்கள். “பொணம் இருக்கற ஊட்டுக்குள்ள திங்க வேண்டாம்னேன். பந்தல்ல வெச்சுக் குடு.”

சட்டி சாமியானாவுக்குப் போனது. முதலில் ஷேக் பரீத் கை நீட்டினார். மில்லில் கூட இருந்த பாலுசாமி வாங்கினார். கோயில் பெண்கள் கறியைத் தவிர்த்து வெறும் அப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதில் ஒருத்தி யாரும் பார்க்காதபோது ஒரு துண்டு கறியையும் உள்ளே மடித்துக்கொண்டாள். பாஸ்டர் ஒரு அப்பத்தைப் பிட்டு, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, வாயில் போட்டுக்கொண்டார். தெருமுனையில் கல்லறைக்குப் போகிற வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. “சீக்கிரம் ஆகட்டுமுங்க, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரோணும்” என்று டிரைவர் குரல் கொடுத்தார். எல்லோரும் அவசரமாக மென்றார்கள்.

சென்னகேசவன் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருத்தரும் உட்காரவில்லை. எல்லோர் காலிலும் செருப்பு இருந்தது. குனிந்து பார்த்தார், தன் காலிலும் இருந்தது. எப்போது போட்டோம் என்று நினைவில்லை. பெர்சியாள் இதைப் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குக் கேலி செய்திருப்பாள் என்று தோன்றியது. என்னவோ ஒரு நிறைவு வந்தது.

“கசப்பு வேணுமில்ல, கசப்பு எங்க?” என்று தாஜுன்னிசா கேட்டாள். அவர் துண்டை அவிழ்த்தார். பத்மாவதி எட்டிப் பார்த்தாள்.

“வேப்பம்பூவா?”

“ஆமாங்க்கா.”

“இது நம்ம யுகாதிக்குப் போடறதாச்சே. இதையா இத்தன வருசமாத் திங்கறீங்க?” ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள். போன மாதம் யுகாதிக்கு வெல்லமும் மாங்காயும் சேர்த்துத் தன் கையாலேயே கலக்கிய பூ. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா காம்பு நீக்கிச் சுத்தமாக் குடுத்திருப்பேன்ல” என்று யாரிடமோ கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டே தாஜுன்னிசாவிடமிருந்து தட்டை வாங்கினாள். நின்றவர்கள் கையிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பூவை வைத்துக்கொண்டு போனாள். மென்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

உள்ளே பெர்சியாளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரத் தயாரானார்கள். பாட்டு ஆரம்பித்தது. தொடையில் எலும்பு மட்டும்தான் பாக்கி, அதுவும் ஒடியாமல் முழுசாக இருந்தது. சட்டியின் அடியில் கருகின மசாலாவும் பிய்ந்த நாரும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தன. சென்னகேசவனுக்கு அதைப் பார்க்கத்தான் முடிந்தது, கை எழவில்லை.

பத்மாவதி கடைசி அப்பத்தை எடுத்தாள். தம்பி கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்தப் பஸ்காச் சட்டியின் பக்கமே வராதவள், வேற்றுச் சாமி சோறு என்று ஒவ்வொரு வருஷமும் மறுத்தவள், தரையில் குந்தி உட்கார்ந்து சட்டியைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வழித்தாள். அதன்மேல் இரண்டு பூவை வைத்தாள். அப்பத்தை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மறு பாதியைத் தம்பியின் வாயருகே நீட்டினாள்.

“சீக்கிரம் தின்னுடா. தூக்கறாங்க பாரு.”

சென்னகேசவன் வாயைத் திறந்தார்.