கொக்கனேந்தல் கண்மாய்க்கு மாற்று ஏற்பாடு

எங்கள் ஊர்க் கண்மாய் ஆவணிக் கடைசியில் பணி ஓய்வு பெற்றது. நல்லபடியாகத்தான் வழியனுப்பினோம். ஊராட்சித் தலைவர் அழகுமீனாள் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை நனைந்தது. எல்லோருக்கும் ஒரு லட்டும் ஒரு பொட்டலம் மிக்சரும் கொடுத்தோம். குரூப் போட்டோவில் கண்மாய் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் சுற்றி நிற்கிறோம்.

மறுநாள் அது பெருங்களத்தூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டது. மகன் அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளமாக இருக்கிறான். கை நிறையச் சம்பளம். கண்மாய் இருந்த இடத்தில் வெடித்த களிமண்ணும் ஒற்றைச் செருப்பும் மிச்சமிருந்தன.

இதில் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை. உழைத்தவர்கள் உட்காரத்தான் வேண்டும். என் கவலையெல்லாம் ஐப்பசியைப் பற்றித்தான்.

ஐப்பசியில் எங்கள் ஊருக்கு நத்தைகுத்தி நாரைகள் வரும். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குஞ்சுகளுக்கு இறகு முளைத்த பிறகுதான் கிளம்பும். நாங்கள் அவற்றைப் பறவை என்று சொல்வதில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்கள் என்போம். அதனால்தான் எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் எவனாவது வெடி போடுவானா?

எங்கள் கொல்லையில் ஒரு கருவேலமரம் உண்டு. அதில் கூடு கட்டுபவளை நானும் என் மனைவி பஞ்சவர்ணமும் மூத்தவள் என்று கூப்பிடுவோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மூத்தவள் வந்து தண்ணீரைக் காணாமல் திரும்பிப் போனால் மறுவருஷம் வரமாட்டாள். ஒரு தடவை முகம் சுளித்த வீட்டுக்கு எந்த மகள் வருவாள்?

நான்தான் ஊராட்சிச் செயலர். பெயர் சேதுமாணிக்கம். வேறு கண்மாய் கேட்டு ஜில்லா அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே நடக்க நடக்க நீளும் நடைகூடம் ஒன்று இருக்கிறது. தெரிந்த விஷயம் என்பதால் புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். பாதி வழியில் ஒரு டீக்கடை முளைத்திருந்தது. டீ பரவாயில்லை.

பிரிவு அலுவலர் அன்றைக்கு மின்விசிறியாக இருந்தார். ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால்தான் பேசுவார். வைத்தேன்.

"புதுக் கண்மாய் எப்ப வரும் சார்?"

"நியமனம் எல்லாம் நிறுத்தி வச்சிருக்கு. தற்காலிகமா வெளிச்சத்துல ஒண்ணு வச்சுக்கங்க. மேல இருந்து படம் விழும். காலை வச்சா தண்ணி அசையும். இப்ப எல்லா ஊர்லயும் அதுதான்."

"அசையலைன்னா?"

"அசையலைன்னா அது போஸ்டர். அதுக்கு வேற பிரிவு."

"யாருகிட்ட வாங்குறது சார்?"

"மூணு கம்பெனியைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. எது தோதுப்படுதோ அதை எடுங்க. தப்பாப் போனா உங்க பொறுப்பு."

அதற்குள் மின்சாரம் போய்விட்டது. அவர் மெதுவாகச் சுற்றி நின்றார். வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது நடைகூடம் நாலே எட்டில் முடிந்துவிட்டது. வரும்போதே இப்படி இருந்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் புளிச்சோறு நன்றாக இருந்தது.

முதலில் கோயம்புத்தூரிலிருந்து தாமோதரன் வந்தார். டை கட்டிய, மரியாதையான மனிதர். கண்மாய்க் கரையில் கம்பங்களை நட்டு, மேலே பெட்டிகளை மாட்டி, விசையைத் தட்டினார். களிமண் மறைந்தது. நீல நிறத்தில் ஒரு ஏரி வந்தது. பின்னால் பனிமலை ஒன்றும் வந்தது.

"மலை எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"அது கூடவே வருமுங்க. தனியாப் பிரிக்க முடியாதுங்க."

நான் காலை வைத்தேன். தண்ணீர் விலகி, என் காலைச் சுற்றித் தாமரை பூத்தது. நன்றி, மீண்டும் வருக என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஊரே கைதட்டியது. அடுத்து ஒரு எருமை இறங்கியது. இந்தத் தடவை ஏரி கைதட்டியது. எருமைக்குக் கூச்சமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு கரையேறிற்று.

எல்லோரும் வெளியே வந்ததும் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. ஓர் அலை பாதியில் நின்றது.

"கரண்டு மிச்சமுங்க. ஆளில்லாதப்ப தூங்கிக்குமுங்க. கால் வெச்சா முழிச்சுக்குமுங்க."

தலைவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "செயலரே, முடிச்சிருவமா?" என்றார். நான் பேனா மூடியைக் கழற்றினேன். அப்போதுதான் பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள்.

"யாரு கால் வச்சா முழிக்கும் தம்பி?"

"யாரு வெச்சாலும் சரிங்கக்கா. பறவை வந்து வெச்சாலும் முழிச்சுக்குமுங்க."

"அதாவது, பிள்ளைத்தாச்சி வந்து எழுப்பணும்."

"ஆமாங்கக்கா."

"வயித்துல பிள்ளையோட அம்புட்டுத் தூரம் பறந்து வந்தவ, தாய்வீட்டு வாசல்ல நின்னு, தூங்குற தண்ணியைத் தானே எழுப்பி, தானே ஆட்டிக்கிறணும். நாங்க கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கணும். அப்படித்தானே?"

தாமோதரன் டையைச் சரிசெய்தார். ஊர்ப் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் பிரசவத்துக்கு வந்த மகளை ஒரு டம்ளர் கழுவ விடமாட்டார்கள். இதை யோசிக்காமல் பேனாவைத் திறந்தவன் நான். நல்லவேளை, மூடி கையிலேயே இருந்தது.

தாமோதரன் கம்பெனிக்குப் போன் போட்டுப் பார்த்தார். தாய்வீடு என்று ஒரு வசதி அவர்கள் பெட்டியில் இல்லையாம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். சாப்பிட்டார். ஏரியைச் சுருட்டினார், மலையையும் சுருட்டினார். கொஞ்சம் பனி தலைவர் வீட்டு வாசலில் சிந்திவிட்டது. அந்த வீட்டில் இப்போது மோர் புளிப்பதே இல்லை.

இரண்டாவதாக மெட்ராஸிலிருந்து லோகநாதன் வந்தார். பார்க்கும்போதே அவசரமாக இருந்தார்.

"கண்மாயைப் படமா காட்டணும்னா எக்கச்சக்க வெளிச்சம் வேணும் சார். நாங்க அந்த வேலையே வச்சிக்கிறதில்ல."

"பிறகு?"

"கண்மாயை நிஜமா விட்டுடுவோம். ஊரைப் படமா காட்டிடுவோம். நீங்க சின்ன ஊரு. செலவே இல்ல."

விசையைத் தட்டினார். கண்மாய் நிறையத் தண்ணீர் வந்தது. உண்மையான தண்ணீர், பாசி நாற்றத்தோடு. நான் என் கையைப் பார்த்தேன். கை வழியே கரை தெரிந்தது. தலைவரும் பள்ளிக்கூடமும் பஸ் நிறுத்தமும் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் என் தோளைத் தொட வந்து, என் வழியாக அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"வலிச்சுச்சாங்க?" என்று கேட்டாள்.

"இல்ல. குளுகுளுன்னு இருந்துச்சு."

உள்ளதைச் சொன்னால், படமாக இருப்பது சுகமாகத்தான் இருந்தது. முழங்கால் வலி இல்லை. பசி இல்லை. நான் ஒரு மாதிரி சம்மதித்தே விட்டேன்.

"கூட்டுல இருந்து குஞ்சு கீழ விழுந்தா எதை வச்சுத் தூக்குறது?" என்றாள் பஞ்சவர்ணம்.

போன வருஷம் விழுந்த குஞ்சை நான்தான் துண்டில் ஏந்தி மரமேறி வைத்தேன். வெளிச்சத்தில் செய்த கையை வைத்துக்கொண்டு மரமேற முடியாது. லோகநாதனிடம் எங்களைப் படத்திலிருந்து திரும்ப எடுத்துவிடச் சொன்னோம். தண்ணீரும் கூடவே போய்விட்டது. அவர் அவசரத்தில் எடுத்ததால் என் இடது முழங்கை மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. தொந்தரவு ஒன்றுமில்லை.

ஐப்பசி பிறந்தது. வடக்கே வானத்தைப் பார்ப்பதற்கே பயமாக இருந்தது.

மூன்றாவதாகத் தொண்டியிலிருந்து ஜைனம்பு வந்தார். மொபெட்டில், பின்னால் ஒரு மூட்டையோடு. கண்மாயைப் பார்க்கக் கேட்கவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, டீ குடித்து, எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக வந்தா வெந்நீர் வைக்கிறது யாரு அக்கா?"

"நான்தான்" என்றாள் பஞ்சவர்ணம்.

"அப்பக் கண்மாயை அசைக்கிறதும் நீங்கதான்."

மூட்டையை அவிழ்த்தார். கால்மிதிகள். சாதாரணத் தேங்காய்நார்க் கால்மிதிகள் மாதிரிதான் இருந்தன. வீட்டுக்கு ஒன்று போடுவாராம். படம் கண்மாயில் விழும். ஆனால் தண்ணீர் கண்மாயில் கால் வைப்பவரைக் கேட்டு அசையாது. அவரவர் வீட்டில் இதை மிதித்து நடப்பவர்களைக் கேட்டு அசையும்.

"கண்மாயில காலை வச்சா என்ன நடக்கும்மா?" என்று கேட்டேன்.

"தெரியாதுண்ணே."

"தெரியாதா?"

"மக வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறது உங்க குடும்ப விஷயம். அதுல கம்பெனி தலையிடாது."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழமே இல்லை, அதுதான் சிக்கல். அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மறுமுனையில் காற்று மட்டும் வந்தது. உங்க பொறுப்பு என்பதாகத்தான் அது வீசியது. நான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே கால்மிதியை அடுப்படி வாசலில் போட்டுவிட்டு, அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து ஊர் நடக்கத் தொடங்கியது.

கண்மாயில் எங்கள் எல்லோருடைய தண்ணீரும் கலந்து கிடந்தது. கொஞ்ச நாளில் யாருடைய அலை எது என்று சொல்லிவிடுவோம். தையல்காரர் அலை கோடு போட்டமாதிரி நேராகப் போகும். தலைவர் அலை கரையில் மோதி, திரும்பி வந்து, சொன்னதையே சொல்லும். சாயங்காலம் தென்கிழக்கு மூலையில் தண்ணீர் தள்ளாடினால் ராக்கப்பன் வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். கோபித்துக்கொண்டிருந்த மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் மாறி மாறி நடந்ததில் நடுக்கண்மாயில் ஒரு சுழி விழுந்தது. சமாதானம் செய்து வைக்கச் சுலபமாக இருந்தது, இடம் தெரிந்துவிட்டதால்.

எனக்கு உட்கார்ந்தே வேலை பார்த்துப் பழக்கம். நடந்தேன். என் அலை சின்னது, ஆனால் நிற்காமல் போனது. பஞ்சவர்ணம் அதைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு வந்து, "பரவாயில்ல, உங்களுக்கும் கால் இருக்கு" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பறவைகள் வந்தன.

இறங்கவில்லை. கண்மாய்க்கு மேலே வட்டமிட்டன. ஊர் வேகமாக நடந்தது. தண்ணீர் நன்றாக அசைந்தது. அவை பார்த்தன, மறுபடி வட்டமிட்டன. மறுநாளும் அப்படியே. தீபாவளி அன்றும் அப்படியே. புதுத்துணி கட்டிக்கொண்டு நடந்தோம். அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தோம். அடுத்த நாள் காலையில் பார்த்தபோது கூட்டம் மெலிந்திருந்தது. சில பறவைகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன.

கோயம்புத்தூர் ஏரியையே எடுத்திருக்கலாமோ என்று நினைத்தேன். அதுவாவது வாருங்கள் என்று சொல்லும். கருவேலமரம் காலியாக நின்றது. பஞ்சவர்ணம் உலை வைத்தாள். நான் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். நேரம் உச்சிப்பொழுது இருக்கும்.

கால் சில்லென்றது.

குனிந்து பார்த்தேன். கணுக்கால் வரை தண்ணீர். கலங்கல், களிமண் வாசனை. அடுப்படி முழுக்க நின்றது. கம்பெனி இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பஞ்சவர்ணம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசியைக் களைந்து போட்டாள். பிறகு அசையாமல் நின்றாள்.

அரிசிப்பானைக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் இரண்டு கால்கள் நின்றன. மெலிந்த, நீளமான, வெளிறிய கால்கள். முட்டிக்கு மேலே யாரும் இல்லை. மேலே பாத்திர அலமாரிதான் இருந்தது. ஒரு கால் மெதுவாக எழும்பி, யோசித்து, ஓரடி தள்ளிப் பதிந்தது. தண்ணீர் வட்டமாக விரிந்து வந்து என் காலில் பட்டது.

தெருவில் சத்தம் கேட்டது. "செயலரே, கண்மாயில இறங்கிட்டாக! எங்க வீட்டுக்கும் வந்துட்டாக! பூஜை ரூம்புல நிக்கிறாக!" தலைவர் குரல். தையல்காரர் வீட்டில் யாரோ குலவையிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. வந்ததை நிறுத்தவில்லை, நன்றாகவே இருந்தது.

பஞ்சவர்ணம் தண்ணீரில் முழங்கால் நனைய உட்கார்ந்தாள். அந்தக் கால்களைத் தொடவில்லை. பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன நின்னுட்டீக? நடங்க. தண்ணி அசையட்டும், பிள்ளை சாப்பிடட்டும்."

நடந்தேன்.