தலை மட்டும் மிஞ்சிய இறால்

தூண்டிலைச் சுருட்டி எடுத்தபோது முள்ளில் இறாலின் தலை மட்டும் இருந்தது. உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் நசுங்கிய ஓடு தொங்கியது. உள்ளே சதை இல்லை. மழை நின்றதிலிருந்து ஷைமாவுக்கு இதேதான் நடந்துகொண்டிருந்தது. மீன் வருகிறது, இறாலைக் கொல்கிறது, தின்கிறது. ஆனால் முள்ளில் மாட்டுவதில்லை.

"அண்ணே, இன்னொன்னும் போச்சு."

"தண்ணி சுடுது லா," என்றார் அய்யாவு. "இந்த வெயில்ல சியாக்காப்புக்கு மூடே இருக்காது. நீ மீன் புடிக்க வரல, என் இறால கொலை பண்ண வந்திருக்க."

அந்தப் பலகைத் துறை அய்யாவுவுக்குச் சொந்தம். ஜெஞ்சாரோம் என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்தின் கடைசி வரிசையைத் தாண்டினால் லங்காட் ஆற்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். தூண்டில் போட வருபவர்களுக்கு அங்கே உயிர் இறால் விற்றார், கோப்பி கலக்கிக் கொடுத்தார். அன்று வந்திருந்தது ஷைமா மட்டும்தான். வெயிலுக்குப் பயந்து மற்றவர்கள் வரவில்லை.

சியாக்காப் என்பது கொடுவா மீன். அது இரையைப் பல்லால் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைச் சட்டென்று அகலமாகத் திறக்கும். திறந்த வாய்க்குள் சுற்றியிருக்கும் தண்ணீர் பாய்ந்து போகும். அந்தத் தண்ணீரோடு இறாலும் போய்விடும். வாய் மூடும்போது உள்ளே இருப்பது நொறுங்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். இது ஷைமாவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: இறால் வாய்க்குள் போனால் முள்ளும் போக வேண்டும். ஏன் போகவில்லை?

சின்ன முள் போட்டுப் பார்த்தாள். பெரிய முள் போட்டுப் பார்த்தாள். நூலை விறைப்பாக வைத்துக்கொண்டு, தொட்ட கணமே சுண்டிப் பார்த்தாள். வேகமாகச் சுண்டச் சுண்ட, தலை இன்னும் சுத்தமாகத் திரும்பி வந்தது.

இன்னொரு இறாலைக் கோத்து, துறையைத் தாங்கும் தூணின் நிழலுக்குள் வீசினாள். அப்போது தோட்டத்துப் பாதையில் ஒரு கார் வந்து நின்றது. சத்தத்திலேயே யாருடைய கார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஹைதர் அவளுடைய கணவன். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தான். அவன் முதல் முறை அடித்தபோது அவள் கன்னம் வீங்கியது. அடுத்த முறை தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்கும் அடுத்தது எதுவாக இருக்கும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி யோசித்துப் பார்த்தாள். யோசித்து முடித்ததும் நேரே பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அண்ணன் ஷபீரின் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது அண்ணனின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருகிறாள். லீவு நாளில் இங்கே வருகிறாள்.

"கிள்ளான் முழுக்க என்னைக் கேக்குறான்," என்றான் ஹைதர், பலகைமேல் நடந்து வந்துகொண்டே. "பொண்டாட்டி எங்க பாஸ், மீன் புடிக்கப் போயிட்டாளான்னு. சிரிக்கிறானுங்க. எந்திரி. வண்டியில ஏறு."

"நான் வரல மச்சான்."

"ஏறுன்னு சொன்னேன்."

"போன தடவை ஏறுனதுக்குத்தான் தோள்ல கம்பி வச்சிருக்கு."

அய்யாவு நடுவில் வந்தார். "பாஸ், இங்க சண்டை வேணாம். உக்காருங்க, கோப்பி ஆத்தித் தரேன்."

"இது குடும்ப விஷயம். நீ உன் இறாலப் பாரு."

ஹைதர் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அய்யாவு இறால் தொட்டியின்மேல் விழுந்தார். தொட்டி கவிழ்ந்தது. இறால்கள் பலகை முழுவதும் துள்ளின. அவருடைய முழங்கை ஆணியில் கிழிந்து ரத்தம் கொட்டியது.

ஷைமா எழுவதற்குள் அறை விழுந்தது. காதுக்குள் ஒரே இரைச்சல். அடுத்து அவள் இடது கையை முதுகுப் பக்கம் முறுக்கினான். முறிந்து சேர்ந்த எலும்பு மறுபடி கத்தியது. அவள் முழங்காலில் விழுந்தாள். வலது கையில் இருந்த தூண்டிலை அவள் விடவில்லை. ஆனால் அதன் நுனி தாழ்ந்து தண்ணீரைத் தொட்டது. விறைப்பாக இருந்த நூல் தொய்ந்து ஆற்றின்மேல் மிதந்தது.

அப்போதுதான் மீன் எடுத்தது.

தூண்டில் அவள் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி, துறையின் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் குறுக்காக மாட்டி நின்றது. ரீல் வீறிட்டது. தூணுக்கு அருகே தண்ணீர் உடைந்து, ஒரு முழுக் கை நீளத்துக்கு வெள்ளி உடம்பு மேலே எழும்பி, தலையை இரண்டு பக்கமும் அடித்துவிட்டு விழுந்தது.

"இன்னமும் மீனா உனக்கு!" என்றான் ஹைதர். அவளை விட்டுவிட்டு நூலைப் பிடித்தான்.

துணிக்கடைக்காரர்கள் பொட்டலம் கட்டும் கயிற்றைக் கத்தரியால் வெட்டுவதில்லை. முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே சுண்டு, கயிறு அறுந்துவிடும். ஹைதரின் கை வாழ்நாள் முழுவதும் செய்த வேலை அது. யோசிக்காமலே செய்தான். நூலை முஷ்டியில் சுற்றினான், சுண்டினான்.

பொட்டலக் கயிறு பஞ்சு போன்றது, எளிதில் நைந்து அறும். தூண்டில் நூல் அப்படியல்ல. இழைகளை இறுக்கிப் பின்னிச் செய்தது. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், ஆனால் பாதி மூட்டை அரிசியைத் தாங்கும். அது மெல்லியதாக இருப்பதுதான் ஆபத்து. இழுக்கும் பலம் முழுவதும் ஒரு கோட்டின் அகலத்தில் சதைமேல் இறங்குகிறது. பலமாக இழுத்தால் அது கத்திதான்.

மீன் ஆழத்துக்கு ஓடியது. சுற்று இறுகியது. ஹைதர் அலறினான். நூல் தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி உள்ளே போனது. ரத்தம் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் ஓடியது. ஒரு பக்கம் கம்பியில் மாட்டிய தூண்டில், மறுபக்கம் மீன். நடுவில் அவன் கை. மீன் இழுத்த இழுப்பில் அவன் பலகையின் விளிம்புக்கு முழங்காலாலேயே போனான்.

"அறு! அறுத்து விடு!"

ஷைமா இறால் தொட்டியருகே கிடந்த கத்தரியை எடுத்தாள். தூண்டில் பக்கம் அறுத்துப் பயனில்லை. அங்கே அறுத்தால் நூல் விரல்களை ரம்பம்போல் அறுத்துக்கொண்டே உருவிப் போகும். மீன் பக்கம்தான் அறுக்க வேண்டும். அதற்கு அவனைத் தாண்டி ஆற்றின்மேல் குனிய வேண்டும்.

குனிந்தாள். அவன் இடது கையால் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான்.

"அறுத்துட்டு... வண்டிக்கு வா. இல்ல, உன்னையும் சேத்து உள்ள இழுத்துருவேன்."

கத்தரி நூலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் அதை மூடினாள்.

"முடிய விடுங்க. அப்புறம் அறுக்கிறேன்."

"ஷைமா!"

"மீன் இன்னும் களைக்கல ஹைதர். மறுபடி ஓடும். எலும்பு வரைக்கும் போயிருச்சு, பாருங்க."

அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் முறை. அவன் பிடியை இன்னும் இறுக்கினான். அவள் நெற்றியைப் பலகையில் மோதினான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவள் கத்தரியைத் திறக்கவில்லை. மீன் ஓடியது. முஷ்டிக்குள் ஏதோ விண்ணென்று அறுந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அது நூல் அறுந்த சத்தம் அல்ல.

அவன் அவள் முடியை விட்டான்.

அவள் எட்டி அறுத்தாள். ஹைதர் மல்லாந்து விழுந்தான். ஆற்றில் ஒரு சுழிப்பு தெரிந்து மறைந்தது. மீன் போய்விட்டது.

அய்யாவு துண்டைக் கிழித்து அவன் கையைக் கட்டினார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. பிறகு அவர் ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் போன் போட்டார்.

"நெத்தியில அடிபட்டது வழுக்கி விழுந்துன்னு சொல்லு," என்றான் ஹைதர். அவன் உதடு வெளுத்திருந்தது. "ஷைமா, கேக்குதா? விழுந்துட்டேன்னு சொல்லு."

"நடந்தத நடந்த மாதிரி சொல்லுவேன். ரிப்போர்ட் குடுப்பேன். தோளுக்கும் சேத்து."

"நான் சாட்சி," என்றார் அய்யாவு. "என் முழங்கையும் சாட்சி. செத்த இறாலெல்லாம் சாட்சி."

ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குமுன், ஷைமாவின் நெற்றிக்குக் கட்டுப் போட்ட ஆம்புலன்ஸ் ஊழியர், ஒரு போலீஸ்காரர் ஆம்புலன்ஸோடு போகிறார், இன்னொருவர் வாக்குமூலம் எழுத வருகிறார், அதுவரை இங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஷைமா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரு இறால் குடுங்க."

"பைத்தியமா உனக்கு? மண்டை உடைஞ்சிருக்கு."

"அந்த மீன் எப்படி மாட்டுச்சு?"

அய்யாவு பலகையில் குனிந்தார். உயிரோடு இருந்த ஒரு இறாலைப் பொறுக்கி நீட்டினார்.

புது முள் கட்டினாள். தூணின் நிழலுக்குள் வீசினாள். நூலை விறைப்பாக்கி, விரலை அதன்மேல் வைத்துக் காத்திருந்தாள். விரலில் ஒரு தட்டு. சுண்ட எழுந்த கையை அடக்கி, தூண்டில் நுனியைத் தண்ணீர் வரைக்கும் தாழ்த்தினாள். நூல் தொய்ந்தது. மெல்ல நகர்ந்தது. பிறகு ஓங்கி இழுத்தாள்.

தூண்டில் வில்லாக வளைந்தது. மீன் தூணைச் சுற்றப் பார்த்தது, குதித்தது, செவுள் விரியத் தலையை உதறியது. ஒற்றைத் தோளில் வலியைத் தாங்கிக்கொண்டே அவள் அதைத் துறையருகே இழுத்தாள். அய்யாவு வலையில் அள்ளினார். பலகையில் அது அறைந்து அறைந்து துள்ளியது. கட்டையால் தலையில் ஓங்கி ஒன்று போட்டாள். அடங்கியது. வாயைத் திறந்து பார்த்தாள். இறால் முழுசாகத் தொண்டைக்குள் இருந்தது. முள் தாடை மூலையில் ஆழமாகப் பாய்ந்திருந்தது.

"எப்படி?" என்றார் அய்யாவு.

"குளிர்ந்த தண்ணில மீன் பாய்ஞ்சு வந்து முழுங்கும். அப்ப நூல் விறைப்பா இருந்தாலும் மாட்டும். இந்தச் சூட்டுல அது நகராது, நின்ன இடத்துலயே தண்ணியோட உறிஞ்சும். நூல் விறைப்பா இருந்தா இறால் பாதிதான் உள்ள போகும், முள் வெளியவே நிக்கும். நான் சுண்டுனா தலை மட்டும் வரும். அவன் கைய முறுக்குனப்ப நுனி தாழ்ந்து நூல் தொய்ஞ்சுச்சு, அதான் அந்த மீன் மாட்டுச்சு. அதனால மீன் தொட்டதும் நுனியத் தாழ்த்தி ஒரு முழம் நூல் விடணும். நூல் நகர ஆரம்பிச்ச பிறகுதான் இழுக்கணும்."